ஒன்பதாம் காட்டுப் புல்

கல்லுமேட்டுத் தோட்டத்தில் மரியகொரெட்டியின் வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. மூன்றாவது லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு. பக்கவாட்டில் தகரம் போட்ட கொட்டகை, அதற்குள் இடுப்பு உயரத்தில் நான்கு கூண்டுகள். மத்தியான வேளையில் போனால், ஒவ்வொரு கூண்டிலும் ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டில் ஒன்று துணி சுற்றிப் படுத்திருக்கும். அதன்மேல் சாய்ந்துகொண்டு ஒரு முயல், லீவுக்கு சி ரூசா கடற்கரைக்கு வந்த பணக்காரரைப் போலக் கண்ணை அரைவாசி மூடிக் கிடக்கும். வீட்டுக்குள் மனிதர்களுக்கு இருப்பது ஒரே ஒரு காற்றாடி. வெயில் ஏறிய நாளில் அதுவும் கொட்டகைக்குப் போய்விடும்.

"எனக்கு வேர்த்து ஊத்துது கொரெட்டி," என்பார் கணவர் தேவதாஸ், டிராக்டரில் செம்பனைக் குலை ஏற்றி இறக்கிவிட்டு வந்து.

"உங்களுக்கு வேர்க்குதுல்ல? அது போதும். அதுங்களுக்கு வேர்க்கவே வேர்க்காது. உள்ள இருக்கிற சூட்டை எங்க கொண்டுபோய் விடும்? காது வழியாத்தான் விடணும்."

தேவதாஸ் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார்.

கொரெட்டிக்கு ஐம்பத்திரண்டு வயது. லாபு வட்டாரத்தில் ரப்பருக்குப் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, கல்யாணமாகி இந்தச் செம்பனைத் தோட்டத்துக்கு வந்தவர். பத்தொன்பது வருடம் மருந்தடி வேலை செய்தார். முதுகில் பதினைந்து லிட்டர் பம்பைச் சுமந்துகொண்டு, மரத்தைச் சுற்றியும் நடைபாதையிலும் மண்டுகிற புல்லைக் கொல்லுவதுதான் அந்த வேலை. புல்லைக் கொன்று சம்பளம் வாங்கிய மனுஷி, புல்லைத் தின்கிற பிராணியின்மேல் எப்படி உயிரை வைத்தார் என்று கேட்டால் சிரிப்பார். "எனக்கே வெளங்கலலா" என்பார்.

முதல் ஜோடியை வாங்கி வந்தது மகள் குளோரியாதான். ஆறு வருடத்துக்கு முன்னால், படிவம் ஆறு முடித்த கையோடு, ரஹாங்கில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினாள். மூன்று மாதத்தில் பினாங்குக்கு டிகிரி படிக்கப் போய்விட்டாள். அந்த லயத்திலிருந்து பட்டம் படிக்கப் போன முதல் பிள்ளை அவள். பஸ் ஏறும்போது, "அம்மா, அதுங்கள நீ பாத்துக்கோம்மா, லீவுக்கு வந்து நான் எடுத்துக்கிறேன்" என்றாள். படித்து முடித்து, இப்போது நீலாயில் வேலை பார்க்கிறாள். முயல்கள் மட்டும் இன்னும் அம்மாவிடம்தான்.

அந்த ஆரம்ப நாள்களில் கொரெட்டி அவற்றுக்குக் கடனே என்று தீனி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் மருந்தடித்துவிட்டு வந்த கையோடு, குளிக்காமல், கூண்டுக்குள் கையை விட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தார். கறுப்புத் தலை முயல் மூக்கை இரண்டு முறை ஆட்டியது. உடனே மூலைக்கு ஓடி, பின்னங்காலால் பலகையில் ஓங்கி ஓர் அடி அடித்தது. அடுத்த கூண்டிலிருந்ததும் அதைக் கேட்டு ஓர் அடி. ஆபத்து என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கிற முறை அது என்று பிற்பாடு குளோரியா போனில் சொன்னாள். அன்றைக்குக் கொரெட்டிக்கு அது தெரியாது. ஆனால் தன்னைப் பார்த்துத்தான் அடிக்கிறது என்பது விளங்கியது. கையை மோந்து பார்த்தார். பதினாலு வருடப் பழக்கத்தில் தனக்கு உறைக்காத நாற்றம் அது.

போய்க் குளித்தார். சோப்பு இரண்டு தடவை. நகக்கண்ணில் பல் துலக்கும் பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்தார். வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து கையை உள்ளே வைத்தார். வெகுநேரம் கழித்து அந்த முயல் மெதுவாக வந்து, அவர் புறங்கையில் தன் தாடையைத் தேய்த்துவிட்டுப் போனது. முயல் தாடையைத் தேய்த்தால், இது என்னுடையது என்று முத்திரை குத்துகிறது என்று அர்த்தம்.

"அன்னையிலருந்து நான் அதுக்கு சொந்தம்," என்று கொரெட்டி சொல்வதில் கொஞ்சமும் கேலி இருக்காது.

அதற்குப் பிறகு வேலை வாங்குகிற மண்டோரிடம் சண்டை போட்டு நல்ல கையுறை வாங்கினார். காட்டோரம் கை கழுவத் தண்ணீர் டிரம் வைக்கச் சொன்னார். கூடவே மருந்தடித்த தனலெட்சுமி, "பதினாலு வருஷம் நமக்குக் கேக்காதவ, மொயலுக்குக் கேக்குறா பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாலும் அந்தத் தண்ணீரில் கை கழுவினாள்.

கறுப்புத் தலை முயலுக்கு உடம்பெல்லாம் வெள்ளை, தலையிலிருந்து தோள் வரைக்கும் கறுப்பு, நடுவில் முகம் மட்டும் வெளுப்பு. கான்வென்ட் கன்னியாஸ்திரீ முக்காடு போட்ட மாதிரியே இருக்கும். ஆகவே அதற்குப் பெயர் சிஸ்டர். மற்றதற்கு இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுப்பு வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட ஆபீஸ் ஆளைப் போல. ஆபீஸ் எழுத்தரைக் கிராணி என்பார்கள், அதனால் அது கிராணி. ஒரு தடவை இரண்டையும் ஒரே கூண்டில் விட்டதில் ஆறு குட்டிகள் பிறந்தன. நாலைத் தெரிந்தவர்கள் வீட்டில் வளர்க்கக் கொடுத்து, இரண்டை வைத்துக்கொண்டார் கொரெட்டி. அன்றோடு கிராணியின் கூண்டு கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போனது. "கிராணிக்கு இனிமே ஆபீஸ் தனி," என்றார்.

கூண்டுக்குத் தரை போட்டதும் அவர் யோசனைதான். கம்பி வலை போட்டால் முயலின் பாதம் புண்ணாகிவிடும். கொரெட்டி செம்பனை ஓலையிலிருந்து ஈர்க்குச்சியை உருவி, விளக்குமாறு கட்டுகிற கட்டாக வரிசை வரிசையாக வைத்து நெருக்கிப் பின்னினார். புழுக்கை கீழே விழும், பாதம் மெத்தையில் இருக்கிற மாதிரி இருக்கும். மாதத்துக்கொரு முறை புதுசு மாற்றுவார். பல் நீண்டுவிடாமல் தேய்த்துக்கொள்ளக் கொய்யாக் கொம்பு. நகம் வெட்ட ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த பிறகு. மடியில் மல்லாத்திப் போட்டு வெட்டும்போது கிராணி கழுத்தை ஒடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கும், ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் படுத்த ஆம்பளை மாதிரி.

இப்படி ஒருவர் முயல் வளர்த்தால் தோட்டத்தில் சும்மா விடுவார்களா? வருகிறவர் போகிறவர் எல்லாம் கறி எப்போது என்றுதான் கேட்டார்கள். கிறிஸ்மஸ் வந்தால் தேவதாஸின் தம்பி டெரன்ஸ் சி ரூசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்குவார். இறங்கியதும் மூக்கைக் கொட்டகைப் பக்கம் திருப்புவார்.

"அண்ணி, இந்த வருஷமாச்சும் உண்டா?"

"உண்டு."

"மெய்யாவா?"

"ரெண்டாவது கூண்டுல எடம் இருக்கு. நீ போய்ப் படுத்துக்க. ஒனக்கும் ரெண்டு வேளை புல்லு போடுறேன்."

டெரன்ஸின் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் அண்ணி ஆட்டுக்கறியில் குறை வைக்க மாட்டார்.

இத்தனைக்கும் நடுவில் கொரெட்டியின் பெரிய பெருமை முயல்கூட இல்லை, சமையலறைச் சுவரில் தொங்கிய கோயில் காலண்டர்தான். தோட்டத்தில் மரம் நிற்கிற பகுதிகளை நம்பர் போட்டுக் காடு என்பார்கள். மொத்தம் பதினான்கு காடு. எந்தக் காட்டில் மருந்தடித்தாரோ, அந்த நம்பரை அன்றைக்குச் சாயங்காலம் காலண்டரில் பேனாவால் எழுதிவிடுவார். அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதம் அந்தக் காட்டுப் புல் முயலுக்குக் கிடையாது. "அந்தப் புல்லுக்கு நோன்பு" என்பார். மருந்து பட்ட புல் முதல் இரண்டு மூன்று நாள் பச்சையாகவே நிற்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தன் கையால் அடித்தவருக்குத்தான் தெரியும்.

முதலில் முயலுக்காக எழுதியது. பிறகு ஆடு வைத்திருந்த தனலெட்சுமி வந்து பார்க்க ஆரம்பித்தாள். அப்புறம் மாடு வைத்திருந்தவர்கள். அப்புறம் போக்கு என்கிற வடிகால் ஓரத்தில், நுனி சுருண்ட பாக்கு கீரை பறிக்கிற பெண்கள். கடைசியில் யாரும் காலண்டரைப் பார்க்கக்கூட வருவதில்லை. வழியில் கண்டால், "அக்கா, அஞ்சாம் காடு?" என்பார்கள். "தாராளமா" என்றோ "வேணாம்லா, இருபது வரைக்கும் பொறு" என்றோ கொரெட்டி சொல்லிவிட்டுப் போவார். அந்த வார்த்தை ஒரு நாளும் பிசகியதில்லை. ஆறு வருடத்துக் காலண்டர்களையும் ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி வைத்திருந்தார்.

போன வருடம் மருந்தடி வேலை கான்ட்ராக்டுக்குப் போனது. வெளியிலிருந்து லாரியில் ஆள் வந்தது, பங்ளாதேஷ்காரர்கள். கொரெட்டியும் தனலெட்சுமியும் உதிரிப்பழம் பொறுக்கப் போனார்கள். முதுகு தப்பித்தது. ஆனால் காலண்டர் குருடாகிவிட்டது.

மண்டோர் தர்மராஜைப் போய்க் கேட்டார்.

"மண்டோரே, இனிமே எந்தக் காடு எப்போ அடிப்பாங்க?"

"அதே மூணு மாச ரவுண்டுதான்லா. ஒண்ணாம் காட்டுலருந்து வரிசையா வருவாங்க. இதுல என்ன புதுசு?"

நம்பி வந்து, ரவுண்டு முழுக்க நம்பர்களைப் போட்டார் கொரெட்டி. பேனாவை எடுக்கக் கை வரவில்லை. நடக்காததைப் பேனாவால் எழுதுவதா? பென்சிலால் எழுதினார். எழுதியதோ, பார்க்கப் பழைய மாதிரியே இருந்தது. நாலைந்து மாதம் எப்படியோ சரியாகவும் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தத் திங்கட்கிழமை. வேலை முடிந்து ஒன்பதாம் காட்டு வழியாக வந்துகொண்டிருந்தார்கள். இரவு பெய்த மழைக்கும் காலை வெயிலுக்கும் புல் கொழுகொழுவென்று நின்றது. காலண்டர் பென்சில்படி ஒன்பதாம் காட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"அக்கா, இது பரவால்லையா?" என்றாள் தனலெட்சுமி.

"தாராளமா. நானே அறுக்கப் போறேன்."

மூக்குப் பிடித்திருந்தது அன்றைக்கு, ஜலதோஷம். இல்லாவிட்டால் அந்த மூக்கே சொல்லியிருக்கும். இரண்டு பேரும் ஆளுக்கொரு கட்டு அறுத்தார்கள். வீட்டுக்கு வந்து குளித்து, சட்டை மாற்றி, வழக்கம்போல் முதல் கைப்பிடியைச் சிஸ்டருக்குப் போட்டார் கொரெட்டி. எப்போதும் அதற்குத்தான் முதல் பந்தி. மற்ற மூன்றுக்கும் முதல் நாள் கொய்யாத் தழை மிச்சம் இருந்தது. அதைத் தின்று முடிக்கட்டும் என்று விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சிஸ்டர் கதவுக்கு வரவில்லை. உடம்பை உருண்டையாகச் சுருட்டிக்கொண்டு, காதைப் பின்னால் படுக்கப் போட்டு, மூலையில் உட்கார்ந்திருந்தது. பல்லை மெதுவாக நறநறவென்று அரைத்தது. ஈர்க்குத் தரைக்குக் கீழே தட்டில் நான்கே நான்கு புழுக்கை, மிளகு அளவுக்கு. முயல் வலியைக் காட்டாது. காட்டினால் அது ரொம்ப நேரமாகத் தாங்கிவிட்டது என்று பொருள்.

கொரெட்டி மிச்சப் புல்லை அப்படியே வாரி வெளியே போட்டார். வேலைக்குப் போகிற வழியில் ஒன்பதாம் காட்டுக்குள் இறங்கினார். புல் பச்சையாகத்தான் நின்றது. ஆனால் மரத்தின் அடிமட்டையில் அங்கங்கே நீலத் துளிகள். எங்கே அடித்தோம் என்று தெரிவதற்குக் கான்ட்ராக்ட் ஆள்கள் மருந்தில் நீலச் சாயம் கலப்பார்கள். இவர்கள் காலத்தில் அது கிடையாது. புல்லில் பட்டதை மழை கழுவியிருந்தது. மட்டையில் ஒட்டியதைக் கழுவவில்லை. முந்திய நாள் காலண்டரை நம்பிய நேரத்துக்கு மரத்தைப் பார்த்திருந்தால் போதும்.

பம்போடு போன கான்ட்ராக்ட் ஆள் ஒருவரை நிறுத்தி மலாயில் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை காலையில, அக்கா," என்றார் அவர். லாரி நிறுத்தப் பின்பக்கத்து ரோடு வசதி என்று இந்த ரவுண்டில் பதினான்காம் காட்டிலிருந்து திருப்பி அடித்துக்கொண்டு வருகிறார்களாம்.

கொரெட்டி முதலில் ஓடியது முயலிடம் இல்லை, தனலெட்சுமி வீட்டுக்கு.

"தனம்! அந்தப் புல்லைப் போடாத!"

"போட்டாச்சே. நேத்தே போட்டாச்சு. பெரிய கெடா வயிறு ஊதிக் கெடக்கு, நானே என்னன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஒம்போதுல மருந்து அடிச்சிருக்கான். நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

தனலெட்சுமி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கிடாவின் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நீ சொன்னா நான் புல்லைக் குனிஞ்சுகூடப் பாக்க மாட்டேன்க்கா. தெரியும்ல?"

ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கொரெட்டிக்கு.

அன்று தேவதாஸ் டிராக்டரை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். ஈர்க்குக் கூடைக்குள் சிஸ்டரை வைத்து மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொரெட்டி பின்னால் ஏறினார். மேடு பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் தேவதாஸ் மோட்டாரை உருட்டுகிற மாதிரி ஓட்டினார். இருபத்தேழு வருடத்தில் பெண்டாட்டிக்காக ஒருநாளும் அப்படி ஓட்டியவர் அல்ல.

"ஆட்டாதீங்க."

"ஆட்டல. நீ சிஸ்டரைச் சரியாப் புடி, வாய் பேசாத."

சிரம்பானில் குளோரியா சொல்லி வைத்திருந்த மிருக டாக்டர், சீனப் பெண், மகள் வயசுதான் இருக்கும். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார். என்ன தின்றது என்று மலாயில் விசாரித்தார். கொரெட்டி மருந்தின் பெயரைச் சொன்னார். எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு கலப்பார்கள், எத்தனை மணிக்கு அடித்தார்கள், மழை எப்போது பெய்தது, எத்தனை கைப்பிடி தின்றது, எத்தனை புழுக்கை போட்டது, எல்லாம் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஆன்ட்டி, என்ன தின்னுச்சுன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்க எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க."

புகழ்ச்சிதான். கொரெட்டிக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எல்லாம் தெரிந்தவள்தானே கொண்டுபோய்ப் போட்டாள்.

டாக்டர் வலிக்கு ஊசி போட்டு, தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றி, ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றும் கரைத்துப் புகட்டும் தீனித் தூளும் கொடுத்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் வாயோரத்தில் புகட்ட வேண்டும். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் முயலும் நின்றுவிடும். மூன்று நாளுக்குள் தானாகத் தின்ன ஆரம்பித்தால் பிழைக்கும்.

புதன்கிழமை விடியலில் பெரட்டுக்குப் போகும்போது கொரெட்டியின் கையில் அரிவாளோடு ஈர்க்குக் கூடையும் இருந்தது. பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிப்பது. வரிசையில் எல்லாரும் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். தர்மராஜ் மண்டோர் புத்தகத்தை மூடினார்.

"என்ன கொரெட்டி, பழம் பொறுக்க வந்தியா, மொயல் மேய்க்க வந்தியா?"

"ரெண்டுக்கும். ஒம்போது மணிக்கு ஒரு தடவை புகட்டணும், பன்னண்டுக்கு ஒரு தடவை. அஞ்சு நிமிஷம். எழுதிக்கங்க, சம்பளத்துல பிடிச்சுக்கங்க."

"தொரை பாத்தா என்னைத்தான் கேப்பாரு."

துரை பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். முகுந்தன் என்று பெயர், சிரம்பான்காரர், மேனேஜராக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "என்னக்கா கூடையில?" என்று கேட்டார்.

கொரெட்டி சொன்னார். நின்ற இடத்தில் நின்று, குரலை உயர்த்தாமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். மடியிலிருந்து சுருட்டி வைத்திருந்த காலண்டரை எடுத்து நீட்டினார்.

"பேனாவுல இருக்கிறது நான் அடிச்சது. பென்சில்ல இருக்கிறது நான் நெனைச்சது. நெனைச்சதை நம்பி அறுத்துட்டேன். தனத்தையும் அறுக்கச் சொல்லிட்டேன். தப்பு என்னுது."

"கான்ட்ராக்டர் ரவுண்டை மாத்தினதைச் சொல்லலையே," என்றார் முகுந்தன்.

"அது வேற தொரை. பென்சிலை நான் பாத்துக்குவேன். அவங்க நாளைக்கு எந்தக் காட்டுக்குப் போறாங்கன்னு முந்தின நாளே எங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

தர்மராஜுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு மொயலுக்காகக் கம்பெனி வேலை முறையை மாத்தணுமா?"

"மொயலுக்காகத்தான்," என்றார் கொரெட்டி. "வேற யாருக்காகன்னு சொல்லி நான் ஏன் பொய் சொல்லணும்? ஆனா ஒண்ணு கேக்குறேன் மண்டோரே. திங்கக்கெழமை சாயங்காலம் ஒங்க வீட்டம்மா ஒம்போதாம் காட்டுப் போக்குல பாக்கு கீரை பறிச்சாங்களே. ஆக்கினாங்களா?"

தர்மராஜின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"ஆக்கினா... தேங்காப்பால் ஊத்தி."

"நல்லா இருந்துச்சா?"

பெரட்டே கொல்லென்று சிரித்தது. முந்திய நாள் முழுக்க முகம் கொடுக்காத தனலெட்சுமி வரிசையின் கடைசியிலிருந்து, "அவருக்கு ஒண்ணும் ஆவாதுக்கா, அவர் ஊத்தாத மருந்தா?" என்று கத்தினாள். மண்டோர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "மெய்யாவே ஒண்ணும் ஆவாதா?" என்று கொரெட்டியிடமே மெதுவாகக் கேட்டார்.

"கழுவித்தானே ஆக்கினாங்க? நெறையத் தண்ணி குடிங்க. வயித்தைக் கலக்கினா தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்கிட்டப் போயிடுங்க, சும்மா இருக்காதீங்க."

முகுந்தன் சிரிக்கவில்லை. காலண்டரை மாதம் மாதமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். "இது மாதிரி இன்னும் இருக்காக்கா?"

"ஆறு வருஷத்துக்கு இருக்கு."

"ஆபீஸ்ல எங்ககிட்ட இவ்வளவு சுத்தமா இல்ல," என்றார் அவர். பிறகு மண்டோரைப் பார்த்து, "கான்ட்ராக்டரை மத்தியானம் என்னைப் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏறியவர் தலையை வெளியே நீட்டி, "ஒம்போது மணிக்குப் புகட்டணும்னு சொன்னாங்கல்ல மண்டோர், மறந்துடப் போறாங்க" என்றார்.

அன்றும் மறுநாளும் செம்பனை நிழலில் கூடை இருந்தது. மூன்று மணி நேரத்துக்கொரு தடவை கொரெட்டி கையுறையைக் கழற்றி, முழங்கை வரை கழுவி, சிஸ்டரை மடியில் வைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். பாதி உள்ளே போனது, பாதி வெள்ளை மார்பில் வழிந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அது தலையைக்கூடத் தூக்கவில்லை. தேவதாஸ் குலை ஏற்ற வந்தவர் டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கி, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கொரெட்டி அழவில்லை. வயிற்றை விரலால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ செய்ய வேண்டியதை செஞ்சுட்ட," என்றார் தேவதாஸ்.

"இன்னும் முடிக்கல."

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து கொட்டகைக்குப் போனபோது, தட்டில் கண்ணை ஓட்டிய கொரெட்டி அப்படியே நின்றார். புழுக்கை. எண்ணினார், பதினேழு. நல்ல உருண்டை. சிஸ்டர் கூண்டின் மூலையைவிட்டு வெளியே வந்திருந்தது. கொய்யாத் தழை ஒன்றை நீட்டினார். மூக்கு ஆடியது. ரொம்ப நேரம் ஆடியது. பிறகு தழையின் நுனியைக் கவ்வி, சர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

குளோரியாவுக்குப் போன் போட்டார். அவள் ஆபீஸுக்குப் போகும் ரயிலில் இருந்தாள்.

"சிஸ்டர் புழுக்கை போட்டுடுச்சு! பதினேழு!"

"அம்மா, ஸ்பீக்கர்ல இருக்கும்மா, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க!"

"பாக்கட்டும்! எல்லாருக்கும் சொல்லு!"

தனலெட்சுமியின் கிடா அதற்கு இரண்டு நாள் முன்பே எழுந்து வேலியைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. ஆனால் அவள் அந்த வாரம் முழுக்கப் புல் அறுக்கக் காட்டுக்குப் போகவில்லை. பலாத் தழையை ஒடித்துப் போட்டுச் சமாளித்தாள். கொரெட்டி அதைப் பார்த்தார். கேட்கவில்லை.

அடுத்த வாரம் பெரட்டுக்களத்தில் ஒரு போர்டு வந்தது. காடு நம்பர், மருந்தடிக்கும் தேதி, புல் அறுக்கக்கூடிய தேதி என்று மூன்று கட்டம், மலாயிலும் தமிழிலும். கான்ட்ராக்டர் ஆள்கள் மருந்தடித்த நிரையின் முதல் மரத்தில் சிவப்புத் துணி கட்டினார்கள். போர்டில் எழுதுகிற வேலையை முகுந்தன் கொரெட்டியிடம் கொடுத்தார். தினமும் சாயங்காலம் போய், கட்டிய துணியைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுவார். சாக்பீஸ் வேண்டாம், மழையில் அழியும் என்று அழியாத மார்க்கர் பேனா கேட்டு வாங்கினார். மூன்றாவது கட்டத்தில் எத்தனை நாள் போடுவது என்று ஆபீஸில் கேட்டபோது, "ஒரு மாசம், கூட மூணு நாள்" என்றார். அது சிஸ்டர் தின்னாமல் கிடந்த மூன்று நாள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

துரை பார்த்த அந்தக் காலண்டர் மறுபடி வீட்டு ஆணியில் ஏறியது. அதிலிருந்த பென்சில் எழுத்தை அழிப்பான் வைத்து அவர் அழிக்கவில்லை. அப்படியே விட்டிருக்கிறார்.

ஒரு நாள் வேலை விட்டு வரும்போது நாலாம் காட்டோரம் தனலெட்சுமி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கையில் அரிவாள் இருந்தது. புல் இடுப்பளவு நின்றது. அவள் நின்று, பின்னால் வந்த கொரெட்டியைப் பார்த்தாள்.

"அக்கா, இது பரவால்லையா?"

"போர்டுல எழுதியிருக்கேனே தனம், பாக்கலையா?"

"போர்டு கெடக்கட்டும்லா. நீ சொல்லு."

கொரெட்டி நடையை நிறுத்தினார். காட்டுக்குள் இறங்கி, முதல் மரத்தின் அடிமட்டையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டாவது மரத்தையும் பார்த்தார். ஒரு புல்லைக் கிள்ளி மோந்து, வாயில் வைத்து நுனிப்பல்லால் கடித்தார். பிறகு தன் அரிவாளை எடுத்தார்.

"தாராளமா," என்றார்.

தனலெட்சுமி குனிந்து புல்லைப் பார்க்காமலே அறுக்க ஆரம்பித்தாள்.